உண்ணும் கோளாறுக்கு மனச்சோர்வு மாத்திரை ஏன்? யாருக்குப் பலன் தரும்?

அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, எடை கூடிடுமோ என்ற பயத்தில் வாந்தி எடுப்பது 'புலிமியா'. அதே பயத்தில் சாப்பாட்டையே குறைத்து உடல் மெலிந்துபோவது 'அனோரெக்சியா'. ஆனா ஒரே மாத்திரை இரண்டுக்கும் சரிப்படாது.

புலிமியாவுக்கு என்ன மருந்து?

ஃப்ளூவாக்செட்டின். மனச்சோர்வுக்கு வழக்கமாக தினம் 20 மி.கி.யில் தொடங்குவார்கள். புலிமியாவுக்கு 60 மி.கி. வரை தேவைப்படும். மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் இது வாந்தி எடுப்பதைக் குறைக்கும். பலன் தெரிய சில வாரம் ஆகும். கூடவே மனநல ஆலோசனையும் அவசியம்.

அனோரெக்சியாவுக்கு?

எடை மிகவும் குறைந்த நிலையில் இந்த மாத்திரைகள் பெரிதாக உதவுவதில்லை. செரோடோனின் உருவாகத் தேவையான சத்து உணவில் இருந்துதான் கிடைக்கிறது. பட்டினி கிடக்கும் உடலில் அது குறைவு. இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதனால் முதல் மருந்து சாப்பாடுதான்.

எது ஆபத்து?

புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்தை இந்த இரண்டு கோளாறுக்கும் தரக்கூடாது. வலிப்பு வரும் அபாயம் அதிகம். வாந்தி எடுக்கும் பழக்கத்தை டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

வீட்டில் என்ன கவனிக்கணும்?

25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரையை திடீரென நிறுத்தக் கூடாது.

புதுச்சேரியில் எங்கே போகலாம்?

கோரிமேடு ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. நேரில் போகத் தயக்கமா? டெலி மானஸ் இலவச எண் 14416-ல் 24 மணி நேரமும் பேசலாம்.