ஆடல் அவையில் அழைக்கும் சொல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மாநிலங்களில் 'கான்ட்ரா' என்றொரு கூட்டு நடனம் வழங்கிவருகிறது. இணை இணையாக நீண்ட வரிசைகளில் எதிரெதிர் நின்று, பிடில் இசைக்கு ஆடுவர். 1651ஆம் ஆண்டு ஜான் பிளேஃபோர்டு இலண்டனில் வெளியிட்ட நூலில் இதன் முன்னோடி ஆடல்களைக் காணலாம். அடுத்த அசைவு யாது என்பதை மேடையிலிருந்து ஒருவர் உரக்கச் சொல்வார். அவரே அழைப்பாளர்.

இளைஞர்களே, இந்த அழைப்பாளர் எங்கிருந்து வந்தார்? செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பொருள் கொடுத்து நடனம் பயின்ற காலம் அது. அவர்தம் விருந்துகளில் பிடில் வாசித்தவர்களுள் பலர் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள். அசைவுகளை அழைத்துச் சொல்லும் வழக்கத்தைத் தோற்றுவித்தவர்கள் கறுப்பின இசைஞர்களே என்பது, ஆய்வாளர் பில் ஜேமிசன் 2015இல் வெளியிட்ட நூலின் முடிபு. 1819இல் நியூ ஆர்லியன்சு நகரில் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப் கண்டு எழுதிவைத்த அழைப்பாளரும் கறுப்பரே. பயிற்சிக்குப் பொருளற்றோரும் களத்தில் இறங்க அக்குரல் வழி திறந்தது. ஆனால் 1920களில் மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு பழைய ஆடல்களுக்குப் புத்துயிர் ஊட்டியபோது, ஜாஸ் இசைக்கு எதிரான வெள்ளையர் ஒழுக்கமாகவே அவற்றை முன்னிறுத்தினார். கொடுத்தவர் பெயர் கணக்கில் ஏறவில்லை!

அழைப்பாளர் இருதிறத்தாரையும் 'ஆடவர்', 'மகளிர்' என்றே நெடுங்காலம் விளித்துவந்தார். ஆணும் பெண்ணுமாக இணையாதோர்க்கு அச்சொற்களில் இடம் ஏது? 1980களின் பிற்பகுதியில் பாஸ்டன் நகரின் ஜமைக்கா பிளெயின் பகுதியில், தன்பாலின விருப்புடையோர் தமக்கென ஓர் ஆடல் அவையைக் கூட்டினர். கையில் பட்டை கட்டியோர், கட்டாதோர் எனப் பிரிந்து ஆடினர். பின்னர்ப் பறவைப் பெயர்கள் வந்தன. இடப்புறத்தார் 'லார்க்', வலப்புறத்தார் 'ராபின்'. இடம், வலம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளையே இவை கொண்டுள்ளன. 2020ஐ ஒட்டிப் பொது மன்றங்கள் பலவும் இவற்றை ஏற்றன. மரபு கெடும் என்று முறையிட்டோர் உண்டு. ஆயின் ஓர் அடிவைப்பும் மாறவில்லை, விளிதான் மாறிற்று.

பெயரால் புண்பட்ட நமக்கு இன்னொன்றும் உரியது. இருவர் தொடாமல், கண்ணோடு கண் நோக்கிச் சுற்றும் அசைவுக்கு 'ஜிப்சி' என்று பெயர் இருந்தது. ஐரோப்பாவில் ரோமா மக்களை இழித்துரைக்க வழங்கிய சொல் அது. அம்மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றோர் என்பதற்கு அவர்தம் மொழியே சான்று. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அவர்களுள் இலட்சக்கணக்கானோரைக் கொன்றொழித்தனர். அந்தப் பெயரைக் கொண்டு களிப்பாடுவது தகுமா என்ற வினா 2015ஐ ஒட்டி அவைகளில் வலுத்தது. இன்று அழைப்பாளர் பலர் அதனை 'வலத்தோள் சுற்று' என்கின்றனர்.