ஆறு இருந்த தாள்

எண்ணூர்க் கழிமுகத்தின் வரைபடம் நீதிமன்ற நெருக்கடியில் பிறந்தது. 1991இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது; கடலை ஒட்டிய மாநிலங்கள் தத்தம் கரைக்கு ஒரு திட்டம் வரைந்து தர வேண்டும். இழுத்தடித்தவர்களை 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடுக்கியது. அந்தச் செப்டம்பரில் தமிழ்நாட்டின் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கொசஸ்தலையாறும் சதுப்பும் ஓதம் ஏறி இறங்கும் நிலமும் அந்தத் தாளில் இருந்தன, பெரும்பாலான கட்டுமானத்துக்குத் தடையுள்ள முதல் வகை மண்டலமாக.

பிறகு தாள் கோப்புக்குள் போயிற்று. வெளியே 2001இல் துறைமுகம் திறந்தது. அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கசிந்து ஆற்றுப்படுகையை மேடாக்கின. கரையோர மீனவக் குப்பங்களான காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் மீன்பாடு குறைந்தது.

2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்தத் தாளை மறுபடி வெளியே இழுத்தது. மத்திய அமைச்சகம் தந்த 1996 வரைபடத்தில் கழிமுகம் இருந்தது. மாநிலத் தரப்பிலிருந்து வந்த இன்னொன்றில் இல்லை. சுமார் 6,500 ஏக்கர் நீர்நிலை தாளிலிருந்தே மறைக்கப்பட்டது என்று மீனவர்களும் சூழல் செயற்பாட்டாளர்களும் குற்றம் சாட்டினார்கள்.

ஆறில்லாத வரைபடமும் ஒரு கதைதான். இங்கே தண்ணீர் இல்லை, ஆகவே கிடங்கு வரலாம், ரோடு வரலாம் என்று நாளையை முன்கூட்டியே சொல்லிவிடுகிற கதை. அதற்கு எதிர்க்கதை சொல்லாமல் கழிமுகத்தின் அலையாத்திக் காட்டைக் காக்க முடியாது. 2017 ஜனவரியில் கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ வந்தது. சபாக்களில் மட்டுமே கர்நாடக இசை கேட்டவர்களுக்கு அது எண்ணூரைக் காட்டியது. நான் அதைப் பெரிய காரியமாகவே நினைக்கிறேன். ஆனால் அது இழப்பைப் பாடியது. இனி வரவேண்டியதை யாராவது சொல்ல வேண்டும்.

அதற்கு அந்த 1996 தாளே போதும். குப்பத்தில் விரித்து வைத்து, அங்குள்ளவர்களை 2050ஐச் சொல்லச் சொல்லலாம். அலையாத்தி விதை ஓதத்தில் மிதந்து போய்ச் சேற்றில் ஊன்றும். சாம்பல் மேட்டில் ஓதமே ஏறாது. எனவே கதை சாம்பலை வாருவதில் தொடங்க வேண்டும். 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் சாம்பலுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, கழிமுகத்தை மீட்கச் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் அலையாத்தி மரங்களில் அப்பியதே, அந்தக் கறுப்பும் கதையில் இருந்தாக வேண்டும். அதை விட்டுவிட்டுப் பச்சையை மட்டும் சொன்னால் குப்பத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

2050இல் ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவருக்குத் தண்ணீர் முழங்கால் அளவா, இடுப்பளவா? நண்டு எந்த வளைவில் ஒதுங்கும்? இதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அலையாத்தி மறுநடவுக்குத் திட்டம் போடுகிறவர்கள், எத்தனை நாற்று என்று எழுதுவதற்கு முன் அவர்களோடு அந்தத் தாளின் முன்னால் உட்காரட்டும்.