சிறுசோறு: மணலிலிருந்து நூலுக்கு

கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர் என்பதாலேயே பெரும்பாலும் வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. அவர் மகன் திப்புவின் பெயரோடு சன்னபட்டணத்து மரப்பொம்மைத் தொழிலைச் சேர்த்துச் சொல்வது கருநாடகத்தில் நிலைபெற்ற வழக்கு. பாரசீகக் கைவினைஞரைத் திப்பு வரவழைத்தார் என்னும் அச்செய்தி மரபுவழிக் கதையாகவே வழங்குகிறது; தொழில் மட்டும் கண்கூடு. வெட்பாலை மரத்தைக் கடைசலில் ஏற்றி, அது சுழலும்போதே வண்ண அரக்கை அழுத்தி உருகச் செய்து, தாழை ஓலையால் மெருகேற்றுகிறார்கள். அடுப்பும் பானையும் கரண்டியும் அப்படிப் பிறக்கின்றன. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் கடைசல் வேலைதான். ஆக, விளையாட்டுக் கலன்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அவற்றில் சமைக்கப்பட்ட உணவுக்கு?

தமிழில் அவ்வுணவுக்குப் பெயரே இருக்கிறது: சிறுசோறு. அகநானூற்றின் 110ஆம் பாடலில், போந்தைப் பசலையார் காட்டும் நெய்தல் நிலப் பெண்கள் கடலாடி, சிற்றில் கட்டி, சிறுசோறு குவித்து இளைப்பாறுகிறார்கள். அங்கே வரும் அயலான் ஒருவன், பொழுது சாய்ந்தது, களைத்திருக்கிறேன், உங்கள் விருந்தை உண்டு இவ்வூரில் தங்கினால் என்ன என்று கேட்கிறான். இது மீன் உணவு, உமக்கு ஏற்றதன்று என்று அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். மணற்சோற்றைப் பற்றிய பேச்சு எந்த இடத்தில் மெய்யான சோற்றுக்கு மாறியது என்பது பாடலில் பிரித்துக் காட்டப்படவில்லை. தோழி செவிலியிடம் காதலை வெளிப்படுத்தும் அறத்தொடு நிற்றல் துறைக்கு அந்த மயக்கம் பெரிதும் உதவுகிறது.

சிறுமியர் விளையாட்டுச் சமையலை வருங்கால இல்லறத்துக்கான பயிற்சி என்று வாசிப்பது எளிது. பலரும் அப்படியே வாசிக்கின்றனர். இப்பாடல் அதற்கு முழுதும் இடங்கொடுப்பதில்லை. யாருக்கு உணவிடுவது, யாரை மறுப்பது என்ற முடிவு இங்கே பெண்களிடம் இருக்கிறது. கலித்தொகையின் 51ஆம் பாடல் மறுபக்கத்தைக் காட்டுகிறது: தெருவில் மணற்சிற்றிலைக் காலால் சிதைத்த சிறுவனே வளர்ந்து, தண்ணீர் கேட்டு அவ்வீட்டு வாசலில் நிற்கிறான். பின்னாளில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவம் இக்காட்சியையே இலக்கணமாக்கிக்கொண்டது. சிதைப்பவனுக்கு ஒரு பருவம் கிடைத்தது. குவித்த சோறு மணலோடு போயிற்று.

சொல்லும் கலத்தின் பக்கமே சாய்ந்துள்ளது. சொப்பு என்பது செப்பின் பேச்சுவடிவம். செம்பு சொம்பானது போலவே, பின்வரும் இதழொலியின் சாயலால் எகரம் ஒகரமாயிற்று. உலோகம் மரமாகி, மரம் பிளாஸ்டிக்கான பின்னும் பெயர் மாறவில்லை.

இன்று குரோஷா ஊசியால் பின்னப்படும் விளையாட்டு உணவு இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அமிகுருமி எனும் ஜப்பானியப் பொம்மைப் பின்னல் முறையில், நடுவில் ஒரு வளையம் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டிப் பின் குறைத்து, உள்ளே பஞ்சு அடைத்தால் தக்காளி தயார். கலம் ஆலையிலிருந்து வருகிறது. உணவு கையால் ஆகிறது. சாதாரணப் பின்னலாடைக்கு இயந்திரம் உண்டு, ஆனால் குரோஷாவுக்கு அப்படிப் பரவலான இயந்திர உற்பத்தி இல்லை. மலிவான பின்னல் பொம்மைக்குப் பின்னும் யாரோ ஒருவரின் மணிக்கணக்கான உழைப்பு இருந்தே தீரும்.

அந்த உழைப்பை எப்படிக் கணக்கிடுவது? ஆந்திரத்து நரசாபுரத்தில் கிறித்தவ ஊழியர் வழி 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய குரோஷா லேஸ் தொழிலை ஆராய்ந்து, மரியா மீஸ் 1982இல் நூலாக வெளியிட்டார். உலகச் சந்தைக்குப் பின்னிய பெண்கள் தொழிலாளராக அன்றி, ஓய்வுநேரத்தில் பின்னும் இல்லத்தரசியராகவே கருதப்பட்டனர். கூலி குறைந்திருக்க அக்கருத்தே துணைநின்றது என்பது அவர் வாதம். பொழுதுபோக்கு எனும் சொல் வளர்ந்த பெண்ணுக்குச் செய்ததையே, விளையாட்டு எனும் சொல் சிறுமிக்குச் செய்திருக்கிறது.

மேலைநாட்டு மாதிரிகளில் டோனட்டும் பர்கரும் மிகுதி. வெண்ணூலில் இட்லி எளிதில் அமையும், சாம்பார்தான் பிடிகொடுக்காது. முறுக்குக்கோ எந்தச் சிக்கலும் இல்லை. நூலுக்கு ஏற்கெனவே முறுக்கு உண்டு.