ஷெனாய்க்குள் அடங்காத நாகஸ்வரம்: சாம்பிள் வாத்தியங்களின் கதை

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் திருத்தப்பட்டுள்ளன.)

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து பேசுறேன். ஆடி மாசம் நெருங்கினா இந்தப் பக்கம் அம்மன் பாட்டு போடுற வேலை சூடு பிடிச்சிடும். ஒரு லேப்டாப், ஒரு கீபோர்டு, ஒரு மைக், ஒரு சின்ன ரூம். ஸ்டுடியோன்னா இன்னிக்கு அவ்வளவுதான். இப்படி வேலை செய்யற தம்பிங்க திரும்பத் திரும்பக் கேக்கற கேள்வி ஒண்ணு: "நம்ம ஊர் வாத்தியத்துக்கு எந்த சாம்பிள் லைப்ரரி வாங்கலாம்ணா?"

பதிலா நாலு பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற வாத்தியம் அங்க எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா, எதை வாங்கணும், எதை வாங்கக் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க. அந்தக் கதைதான் இன்னிக்கு.

அட்டை வேற, நூல் வேற

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடுவோம். தறி ஓடுற ஊர்ல இதை விளக்குறது சுலபம். ஜக்கார்டு அட்டையில ஓட்டை இருக்கும். எந்த இழை எப்ப தூக்கணும்னு அது சொல்லும். ஆனா அட்டை துணி ஆகாது, நூல் தனியா வேணும். கீபோர்டுல நீங்க வாசிக்கும்போது கம்ப்யூட்டர்ல பதியற மிடி, அந்த அட்டை மாதிரி. எந்தக் கட்டை, எப்ப, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம். அதுல சத்தமே கிடையாது. சாம்பிள்தான் நூல். நிஜமான ஒரு கலைஞர் நிஜமான ஒரு வாத்தியத்தை வாசிச்சு, அதை ஸ்வரம் ஸ்வரமா, அடி அடியா பதிவு பண்ணி, ஒவ்வொரு கட்டைக்கும் ஒண்ணா கட்டி வெச்சது.

அப்போ ஒவ்வொரு சாம்பிளுக்குப் பின்னாலயும் ஒரு ஆள் இருக்கார். எந்த ஆள், எந்த ஊர் வாத்தியம், என்ன சுருதி, எந்தெந்த அடி, இதையெல்லாம் உங்களுக்கு முன்னாடியே யாரோ தேர்ந்தெடுத்துட்டாங்க.

ஆள் தேடின காலம்

நம்ம ஊர்லயே இதுக்கு முந்தைய காலம் ஒண்ணு இருந்தது. திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம், அதாவது டி.ஆர்.சுந்தரம், 1935-ல் சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ஏற்காடு ரோட்டுல அந்த முகப்பு வளைவைப் பார்த்திருப்பீங்க. நூறு படத்துக்கு மேல எடுத்த கம்பெனி. 1950-ல் வந்த மந்திரி குமாரிக்கு ஜி.ராமநாதன் இசை. அந்தக் காலத்துல ஒரு இசையமைப்பாளர் வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்கறதுன்னா ஆளைத் தேர்ந்தெடுக்கறதுன்னு அர்த்தம். யாரைக் கூப்பிடணும், அவர் கையில என்ன பாணி இருக்கு, அதுதான் கணக்கு.

இதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் 1968-ல் வந்த தில்லானா மோகனாம்பாள். இசை கே.வி.மகாதேவன். திரையில சிவாஜி வாசிக்கிற நாகஸ்வரத்தை நிஜத்துல வாசிச்சது மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்தப் படத்தோட நாகஸ்வரம்னு நாம ஞாபகம் வெச்சிருக்கிறது இந்த ரெண்டு பேரோட மூச்சைத்தான்.

கட்டைப் பெட்டி மேல வந்த முதல் சண்டை

"கீபோர்டுல நம்ம இசை வருமா?"ங்கற கேள்வி கம்ப்யூட்டரை விட ரொம்பப் பழசு. ஆர்மோனியத்துலயே வந்தாச்சு. ஐரோப்பாவுல பிறந்த இந்தப் பெட்டி, 19-ஆம் நூற்றாண்டுல கல்கத்தாவுல கையால துருத்தி போடுற வடிவத்துக்கு மாறி, நாடக மேடை, பஜனை மடம்னு எல்லா இடத்துக்கும் பரவியது. ஒரு பெட்டி, ஒரு ஆள், தூக்கிட்டுப் போகலாம், சுருதி கலையாது. சௌகரியம்.

ஆனா 1940-ல் அகில இந்திய வானொலி அதைத் தடை பண்ணியது. சொன்ன காரணம்: கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்கிற ஸ்வரம் அதுல வராது, வளைவு வராது, கமகம் வராது. அந்தத் தடை தளர 1971 வரைக்கும் ஆச்சு. அந்த முப்பது வருஷமும் ஊர்ல யாரும் ஆர்மோனியத்தைக் கீழ வைக்கல, அது வேற விஷயம். நமக்கு முக்கியம் என்னன்னா, சாம்பிள் வாத்தியத்தைப் பத்தி இன்னிக்கு நாம சொல்ற குறை அப்படியே அந்தக் குறைதான். சௌகரியம் கட்டையில இருக்கு. இசை கட்டைகளுக்கு நடுவுல இருக்கு.

நாடாவிலிருந்து லேப்டாப்புக்கு

1963-ல் இங்கிலாந்தோட பர்மிங்காம்ல மெல்லோட்ரான் வந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழ ஒரு ஒலிநாடா. கட்டையை அழுத்தினா அதுல பதிஞ்ச வயலினோ புல்லாங்குழலோ ஓடும். எட்டு வினாடி வரைக்கும்தான், அப்புறம் நாடா தீர்ந்துடும். 1979-ல் ஆஸ்திரேலியாவோட சிட்னியில ஃபேர்லைட் வந்து அதே வேலையை டிஜிட்டலா செஞ்சது. விலை ஒரு வீட்டு விலை. 1983-ல் மிடி வந்தது, ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி பெட்டியோட பேச ஆரம்பிச்சது.

தமிழ் சினிமா இதுல பின்தங்கல. 1986-ல் புன்னகை மன்னன்ல இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1992-ல் ரோஜா மூலமா ஏ.ஆர்.ரஹ்மானோட வீட்டு ஸ்டுடியோ சத்தம் நாடு முழுக்கப் போனது. வெளிநாட்டுல 1996-ல் ஸ்டெயின்பெர்க் கம்பெனி வி.எஸ்.டி. முறையைக் கொண்டு வந்தது. அதோட வாத்தியம் பெட்டியை விட்டு மென்பொருளுக்குள்ள போயிடுச்சு. 2002-ல் கான்டாக்ட் வந்தது. இன்னிக்கு விக்கிற லைப்ரரிகள்ல ஏராளமானவை அதுக்குள்ள ஓடுறவைதான்.

128 இடத்துல நமக்கு எத்தனை?

இந்தக் கதையில எனக்கு ரொம்ப முக்கியமாப் படற வருஷம் 1991. எந்தக் கீபோர்டுலயும் ஒரே எண்ணுக்கு ஒரே வாத்தியம் வரணும்னு அமெரிக்க, ஜப்பானிய அமைப்புகள் சேர்ந்து ஜெனரல் மிடின்னு ஒரு பட்டியல் போட்டாங்க. மொத்தம் 128 இடம். 105 சித்தார். 107 ஷாமிசென், 108 கோட்டோ, ரெண்டும் ஜப்பான். 112 ஷெனாய். 117 டைக்கோ முரசு, அதுவும் ஜப்பான். வாத்தியப் பேரோட உள்ள வந்த ஆசியா ரொம்பக் கொஞ்சம்தான். வீணை இல்ல, மிருதங்கம் இல்ல, தபேலா கூட இல்ல.

சித்தாருக்கு இடம் கிடைச்சதுல ஆச்சரியம் இல்ல. 1965-லயே பீட்டில்ஸ் பாட்டுல ஜார்ஜ் ஹாரிசன் அதை வாசிச்சாச்சு, உலகத்துக்குத் தெரிஞ்ச இந்தியா அதுதான். ஜப்பான் வாத்தியங்கள் வந்ததுக்குக் காரணம், கீபோர்டு செய்யறவங்க ஜப்பான்காரங்க. யாரும் சதி பண்ணல. மேஜையில யார் உட்கார்ந்திருந்தாங்களோ அவங்களுக்குத் தெரிஞ்சது உள்ள போச்சு.

விளைவு என்னன்னா, நம்ம லைட் மியூசிக் மேடையில கல்யாண சீன் வந்தா கீபோர்டுக்காரர் 112-ஐ அழுத்துவார். நாகஸ்வரத்துக்குப் பதிலா ஷெனாய். கேட்டுக் கேட்டு நம்ம காதும் அதுக்குப் பழகிடுச்சு. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. நாகஸ்வரம் நீளம், கனம். டி.என்.ராஜரத்தினம் பிள்ளை காலத்துல புகழ் பெற்ற பாரி நாகஸ்வரத்தை ஆச்சா மரத்துல கடையறாங்க. 2022-ல் புவிசார் குறியீடு வாங்கின நரசிங்கம்பேட்டை அதுக்குப் பேர் போன ஊர். நாணல்ல செஞ்ச சீவாளியில மூச்சோட அழுத்தமும் உதட்டுப் பிடியும் மாறும்போது ஸ்வரமே நகரும். அந்த நகர்வு 112-ல் கிடையாது.

தோடி காந்தாரம்னு ஒரு பரீட்சை

இப்ப லைப்ரரிகள் நிறைய வந்தாச்சு. சுவிட்சர்லாந்துலிருந்து வர்ற ஸ்வர்பிளக் முழுக்க இந்திய வாத்தியங்களுக்காகவே செஞ்சது. ஈஸ்ட்வெஸ்ட் கம்பெனியோட சில்க், சீனா, இந்தியா, பாரசீகம் மூணையும் ஒரே பெட்டியில வெக்குது. காங் ஆடியோ சீன வாத்தியங்களுக்குன்னே இருக்கு. எதை எடுத்தாலும் நான் சொல்ற பரீட்சை ஒண்ணுதான்: தோடி ராகத்துக் காந்தாரத்தை வாசிச்சுப் பாருங்க.

தோடியில அந்த ஸ்வரம் ஓரிடத்துல நிக்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல அசையும். அந்த அசைவுதான் காந்தாரம். சாம்பிள்ல இருக்கிறது ஆடாம அசையாம நீட்டின ஒரு ஸ்வரம். பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருப்பி வளைக்கலாம், மிடியில அதுக்கு 16,384 படி இருக்கு, நுணுக்கத்துக்குக் குறைவில்ல. ஆனா வழக்கமா அது மேலயும் கீழயும் ரெண்டு அரை ஸ்வரம் தூரம்தான் போகும். அந்த எல்லையை முதல்ல கூட்டி வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, சக்கரம் சுத்தினா அந்தச் சேனல்ல ஒலிக்கிற எல்லா ஸ்வரமும் சேர்ந்து வளையும். வீணையில ஒரு தந்தியை இழுக்கும்போது பக்க தாளத் தந்தியும் வளைஞ்சா எப்படி இருக்கும்? 2018-ல் தரமாக்கப்பட்ட எம்.பி.இ. முறை இதைத் தீர்க்குது, ஒவ்வொரு விரலுக்கும் தனி வளைவு. லைப்ரரி அதை ஏத்துக்குமான்னு பாருங்க.

சுருதியையும் கவனிக்கணும். பாலித் தீவு கேமலான்ல ஜோடி வாத்தியங்களை வேணும்னே லேசா விலக்கி சுருதி சேர்ப்பாங்க. ரெண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது வர்ற அலைதான் அதோட உயிர். அதைப் பியானோ சுருதிக்குத் 'திருத்தி' வித்தா, அது கேமலானே இல்ல. நம்ம வாத்தியத்துக்கும் அதே நியாயம்தான்.

தாள வாத்தியத்துக்கு வேற பரீட்சை. ஒரே அடியைப் பத்து தடவை தட்டுங்க. பத்தும் அச்சு அசலா ஒரே மாதிரி கேட்டா, ஒரே பதிவைத் திருப்பித் திருப்பி ஓட்டுறாங்கன்னு அர்த்தம். தவில்ல வலது கை விரல்ல கூடு, இடது கையில குச்சி. ரெண்டு பக்கமும் தனித்தனியா, மெல்லிசுல இருந்து பலம் வரைக்கும் பதிவாகியிருக்கணும். முழு நடையையே பதிவு பண்ணின லூப்பா இருந்தா ஜாக்கிரதை. அதே லூப்பை வாங்கின இன்னொருத்தர் பாட்டும் யூடியூப்ல இருக்கும், உரிமைச் சண்டை வரும். உரிம நிபந்தனையைக் காசு கட்டறதுக்கு முன்னாடியே படிங்க.

பட்டியல்ல இல்லாத பம்பை

இவ்வளவு சலிச்ச பிறகும் ஆடிப் பாட்டுக்கு ஒரு பிரச்சினை மிஞ்சும். பம்பை. சேர்த்துக் கட்டின ரெண்டு முழவு, குச்சியால வாசிக்கிறது. அம்மன் அழைப்புக்கு அது இல்லாம இந்தப் பக்கம் ஆகாது. கூடவே உடுக்கை. நடுவுல இருக்கிற கயிறை அழுத்தும்போதே சத்தம் ஏறி இறங்கும், அதைத் தனித்தனி அடியா வெட்டினா அந்தப் பேச்சு போயிடும். இதுக்குப் போய் தபேலாவையும் டைக்கோவையும் கலந்து ஒப்பேத்தினா, ஷெனாய் கதைதான் மறுபடியும் நடக்கும். பத்து வருஷம் கழிச்சு நம்ம பசங்க காது அதைத்தான் பம்பைன்னு நினைக்கும்.

அதனால என் பதில் இதுதான். தம்புரா, புல்லாங்குழல் மாதிரி பின்னணிக்கு வர்றதை லைப்ரரியில எடுத்துக்கோங்க, தப்பில்ல. பாட்டோட முகமா நிக்கிற வாத்தியத்துக்கு ஆளைக் கூப்பிடுங்க. பம்பைக்காரர் பக்கத்துத் தெருவுலயே இருப்பார். ரெண்டு மைக், சத்தம் எதிரொலிக்காத ஒரு ரூம், ஒரு அரை நாள். முதல்ல பாட்டுக்கு வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்ணுங்க. அப்புறம் நேரம் இருந்தா தனி அடிகள், மெதுவா, பலமா, ஒவ்வொண்ணும் ஆறேழு தடவை.

ஆனா கூலி விஷயத்துல நேர்மையா இருங்க. ஒரு பாட்டுக்கு வாசிக்கிறது வேற, சாம்பிளுக்கு வாசிக்கிறது வேற. சாம்பிள் கொடுத்தவரை நீங்க அடுத்த ஆடிக்குக் கூப்பிட மாட்டீங்க. அவர் கை உங்க ஹார்ட் டிஸ்க்ல இருக்கு, அவருக்குப் பதிலா அதுவே வேலைக்கு வரும். அதை அவர்கிட்ட புரியற மாதிரி சொல்லி, ஒரு நாள் கூலிக்கு மேல பேசி, எழுதி வாங்கி, பாட்டு வெளியாகும்போது அவர் பேரைப் போடுங்க. அவர் வேண்டாம்னு சொன்னா பாட்டோட நிறுத்திக்கோங்க.

பம்பை பதிவு பண்ண மைக்கை எங்க வைக்கணும், எவ்வளவு தள்ளி வைக்கணும்னு அடுத்த அத்தியாயத்துல விளக்கமா பேசலாம். கேள்வி இருந்தா அனுப்புங்க.