சிப்பிங்: ஊர்ப்பெயரில் தங்கிய சந்தை

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் சிப்பிங் கேம்ப்டன், சிப்பிங் சாட்பரி என்று இரண்டு ஊர்கள் உண்டு. எல்லை தாண்டி ஆக்ஸ்ஃபர்ட்ஷயருக்குள் போனால் சிப்பிங் நார்ட்டன். இந்தச் 'சிப்பிங்' இன்றைய ஆங்கிலப் பேச்சில் தன் பழைய பொருளோடு எங்கும் வழங்குவதில்லை. ஊர்ப்பெயர்களில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அதன் பொருள் சந்தை.

பழைய ஆங்கிலத்தில் 'சேயப்' என்றால் பேரம், விலை, வாணிகம். கால்நடையையும் அது குறித்தது. அதன் வழியில் வந்ததுதான் சந்தையைக் குறித்த 'சேப்பிங்'. வேர் இன்னும் ஆழமானது. மதுக்கடைக்காரரையும் சில்லறை வணிகரையும் குறித்த 'காவ்போ' என்ற லத்தீன் சொல்லிலிருந்து ஜெர்மானிய மொழிகளுக்குள் இது புகுந்தது என்பதே பலரும் ஏற்ற கருத்து. ஜெர்மனில் வாங்குவதற்குக் 'காவ்ஃபன்' என்பார்கள். ஸ்வீடனின் நார்ஷொப்பிங், லின்ஷொப்பிங் என்ற ஊர்ப்பெயர்களின் பின்பாதி இதே சொல். வணிகர் துறைமுகம் என்று பொருள்படும் கோபன்ஹேகனும் இந்தக் குடும்பம்தான். லண்டனின் சீப்சைடும் அப்படித்தான்; இடைக்காலத்தில் அது நகரத்தின் பெரிய கடைத்தெரு.

இந்தச் சொல்லைச் சுமக்கும் ஊர்களில் அது பிறவிப் பெயர் அல்ல. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே என்ற நிலக்கணக்கு ஏட்டில் கேம்ப்டனும் சாட்பரியும் இருக்கின்றன, சிப்பிங் இல்லை. சந்தை வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பட்டம் அது. பட்டம் என்று சொல்லக் காரணம் உண்டு. அன்று நினைத்த இடத்தில் கடை விரித்துவிட முடியாது. சந்தை கூட்டும் உரிமை மன்னர் கொடுப்பது. அதைப் பெற்ற நிலப்பிரபு, விற்க வருபவர்களிடம் சுங்கம் வாங்கலாம். பக்கத்து ஊர்ச் சந்தையைக் கெடுக்கிற தொலைவில் புதிய சந்தை எழுந்தால் வழக்காகிவிடும். 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் பெயரால் வழங்கிய சட்ட நூல் அந்த இடைவெளியை ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவாக வகுத்தது. கணக்கு எளிமையானது: ஒரு நாள் நடை இருபது மைல். அதை மூன்றாகப் பிரித்தால் போக ஒரு பங்கு, விற்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. ஒரு உழவரின் கால்களை வைத்துச் சட்டம் அளந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் ஹென்றியிடம் உரிமை பெற்றது கேம்ப்டன். அதே நூற்றாண்டில் சாட்பரியின் சந்தைத்தெரு திட்டமிட்டே அமைக்கப்பட்டது. நடுவில் அகன்ற தெரு. இருபுறமும் முகப்புக் குறுகிப் பின்னால் நீளும் மனைகள். எல்லாருக்கும் சந்தையைப் பார்த்த வாசல் வேண்டும் என்பதால் அந்த வடிவம். இரண்டு மைல் கிழக்கே இருக்கும் பழைய ஊர் ஓல்டு சாட்பரி ஆயிற்று.

சந்தை இருந்த எல்லா ஊருக்கும் இந்தப் பெயர் வாய்க்கவில்லை. அதே கிளாஸ்டர்ஷயரில் 1107இல் உரிமை பெற்ற ஸ்டோவுக்கும், 1655இல் தூண்கள்மேல் சந்தைக்கூடம் கட்டிய டெட்பரிக்கும் சிப்பிங் கிடையாது. அக்கம்பக்கத்தில் அதே பெயரில் வேறு ஊர் இருந்தால்தான் பிரித்துச் சொல்ல ஓர் அடைமொழி தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். கேம்ப்டனுக்கு அருகே பிராடு கேம்ப்டன் இருக்கிறது.

நார்மன் பிரெஞ்சு வழியாக 'மார்க்கெட்' வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டதும் பழைய சொல் பின்வாங்கியது. ஆனால் சாகவில்லை. நல்ல பேரம் என்ற பொருளில் 'குட் சீப்' என்று பேசியவர்கள் நாளடைவில் முன்பாதியை விட்டுவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் 'சீப்' விலை மலிவைக் குறிக்கும் பெயரடையாகிவிட்டது. சேலை சீப்பாகக் கிடைத்தது என்று நம் வீடுகளில் சொல்வது அந்தக் கிளையைத்தான்.

சொல்லும் பொருளும் ஒரே மனிதரில் வந்து சேர்ந்ததைப் பார்க்கக் கேம்ப்டனுக்கே திரும்ப வேண்டும். அந்த ஊரை வளர்த்தது காட்ஸ்வோல்டு மலைப்பகுதி ஆட்டின் கம்பளி. 1401இல் இறந்த வில்லியம் கிரெவெல் என்ற கம்பளி வணிகரின் வீடு இன்னும் தெருவில் நிற்கிறது. அவருக்கு இரண்டு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ். லண்டன் சீப்சைடில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். அரசவைக்குப் பட்டு விற்று, முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கே கடன் கொடுத்தவர். சந்தைத்தெருவில் பிறந்த செல்வம் சந்தை ஊருக்கு வந்தது. ஏழை முதியோருக்கு 1612இல் குடியிருப்புகள் கட்டினார். 1627இல், இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு, தெரு நடுவே ஒரு கல்மண்டபம் எழுப்பினார். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் விற்க வருபவர்கள் மழையில் நனையக் கூடாது என்பதற்காகக் கட்டியது அது. நாற்புறமும் வளைவுகள் திறந்திருக்கும். தரை கரடுமுரடான கல்.

1940களில் அந்த மண்டபம் அமெரிக்காவிலிருந்து விலை பேசிய ஒருவர் கைக்குப் போகவிருந்தது. ஊரார் பணம் திரட்டி முந்திக்கொண்டு வாங்கி, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள்.