மணல் குவியலில் தொடங்கிய கோடை வேலை

கோடை லீவுல பிள்ளைகளை விளையாட வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை அமெரிக்க நகரங்களில் எப்படி வந்துச்சு தெரியுமா? ஒரு டாக்டர் எழுதிய கடிதத்தால!

1885, பாஸ்டன். நெரிசலான நார்த் எண்ட் பகுதி. குடியேறி வந்த ஏழைகளின் பிள்ளைகளுக்குத் தெருதான் விளையாட்டுத் திடல்.

பெர்லின் பூங்காக்களில் குழந்தைகள் மணல் குவியலில் விளையாடுவதைப் பார்த்த டாக்டர் மேரி சக்ரசெவ்ஸ்கா, அதைப் பற்றி பாஸ்டனில் இருந்த சுகாதாரச் சங்கத்துக்கு எழுதினார். பார்மென்டர் தெரு சேப்பல் முற்றத்தில் மணலைக் கொட்டினாங்க. பிள்ளைகள் வந்தாங்க.

முதலில் பார்த்துக்கொண்டது தன்னார்வப் பெண்கள். 1887ல் சம்பளத்துக்கே ஆள் வைத்தார்கள். மணல் மட்டும் போதாது, பக்கத்துல பொறுப்பான ஒரு ஆள் வேணும்ல!

பிறகு மற்ற நகரங்களும் இதைப் பின்பற்றின. காலப்போக்கில் நகர நிர்வாகங்களே ஏற்று நடத்தின.

"சும்மா பிள்ளைகளோட விளையாடுற கோடை வேலைதானே"ன்னு யாராவது சொன்னா, இந்தக் கதையைச் சொல்லுங்க.