ஈகையை அளக்கும் கோல்

முளர் கோத்திரத்தார் சிலர் வெறுங்காலுடன், கம்பளித் துண்டைக் கிழித்துப் போர்த்தியவர்களாக மதீனா வந்த முற்பகலை ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அறிவிக்கிறார்கள். முஸ்லிம் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. அவர்களின் வறுமையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் வாடிற்று. தொழுகைக்குப் பின் ஈகையை வலியுறுத்தி உரையாற்றினார்கள். அன்சாரி ஒருவர் கை தாங்காத கனமுள்ள பை ஒன்றைக் கொணர்ந்தார். அதைக் கண்டு மற்றவர்களும் கொணர, உணவும் உடையும் இரு குவியல்களாயின. திருமுகம் மலர்ந்தது.

மறைவான தர்மமே மேலென்று கூறும் திருக்குர்ஆன் (2:271), வெளிப்படையான தர்மத்தையும் நல்லதென்றே சொல்கிறது. ஒருவர் கொடுப்பதைக் கண்டு மற்றவர் கொடுப்பர் என்பதே அதன் பயன். 2007 மே மாதம் ஷான் பார்க்கரும் ஜோ கிரீனும் முகநூலில் ‘காசஸ்’ என்னும் செயலியைத் தொடங்கியபோது நம்பியதும் ஏறத்தாழ இதையே. ஒரு நற்காரியத்தில் சேர்பவர் தம் நண்பர்களை அழைப்பார், அவர்கள் தம் நண்பர்களை அழைப்பர், நிதி பெருகும்.

பெருகியதா? அச்செயலியின் மிகப் பெரிய குழுக்களுள் ஒன்று, சூடானின் தார்ஃபூர் மக்களுக்காக அமைந்தது. கெவின் லூயிஸ், கர்ட் கிரே, யென்ஸ் மையர்ஹென்ரிக் ஆகிய ஆய்வாளர்கள் அதன் 989 நாள் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். சேர்ந்தோர் 11 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். அவர்களுள் 72.19 விழுக்காட்டினர் ஒருவரையும் அழைக்கவில்லை. 99.76 விழுக்காட்டினர் ஒரு டாலரும் தரவில்லை. திரண்ட தொகை சுமார் 90,776 டாலர். சற்றேறக்குறைய 2,800 பேரின் கொடை அது. உறுப்பினர் தலைக்கு வகுத்தால் எட்டு சென்ட்டும் தேறாது. (1916இல் ஆங்கிலேயப் படையால் கொல்லப்பட்ட தார்ஃபூர் சுல்தான் அலீ தீனார் ஹரமைனுக்கு மஹ்மல் அனுப்பியவர். கொடுத்துப் பழகிய மண் அது.)

உறுப்பினர்கள் வேறு வழியில் உதவியிருக்கக்கூடும். அச்செயலியின் பதிவு அதைக் காட்டாது. ஆயினும் பத்து லட்சம் என்ற எண்ணே வெற்றியாகப் பேசப்பட்டதை மறுக்கவியலாது. மதீனாவில் அளவாக நின்றவை இரு குவியல்கள். பள்ளியில் கூடியிருந்தோரின் தலைக்கணக்கை ஜரீர் (ரலி) சொல்லவில்லை.

கணக்கு யாரிடம் கேட்கப்படுகிறது என்பதும் கருதத்தக்கது. பனூ சுலைம் கோத்திரத்தாரிடம் ஜகாத் திரட்டி வந்த இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்றபோது, பெற்றோர் வீட்டில் இருந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நபிகளார் (ஸல்) வினவினார்கள். இமாம் புகாரீ (ரஹ்) இதை, வசூலிப்போரிடம் கணக்குக் கேட்பது பற்றிய தலைப்பில் வைத்தார்கள். இந்தியாவிலும் 1923ஆம் ஆண்டின் முசல்மான் வக்ஃபு சட்டமும், பின்னர் 1954, 1995 ஆண்டுகளின் சட்டங்களும் முதவல்லியிடமே வரவுசெலவுக் கணக்கைக் கேட்டன. கொடுத்தவருக்குத் திரை, கையாள்பவருக்கு ஏடு என்பதே முறை. சமூக வலைத்தளம் இதைத் தலைகீழாக்கியது. கொடுப்பவரின் பெயரும் முகமும் முன்னே நிற்க, பணம் சென்ற வழி பின்னே மறைந்தது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. ஒரகடம், வடக்குப்பட்டு ஊர்களை உள்ளடக்கிய ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நோக்கியா 2006 முதல் 2014 வரை கைபேசி செய்தது. இன்று அவ்வட்டாரத்துச் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்கள் உருவாகின்றன. அக்கருவிகளின் வழியே மிலாப் (2010), கெட்டோ (2012), முஸ்லிம்களுக்கென்றே எழுந்த லான்ச்குட் (2013) முதலிய தளங்களில் ரமளானின் ஜகாத்தும் ஸதகாவும் செல்கின்றன. பெயரை மறைத்துக் கொடுக்கும் வசதியை இத்தளங்கள் வைத்திருப்பது பாராட்டுக்குரியது. எத்தனை பேர் பகிர்ந்தனர் என்று காட்டுவதினும், எவ்வளவு எந்நாளில் உரியவரை அடைந்தது என்று காட்டுவதே ஏற்புடையது.

ஃபிக்ஹு நூலோர் இதை முன்பே தெளிவாக்கிவிட்டனர். ஜகாத்தை ஏழையின் உடைமையாக்குவதே அதன் நிறைவேற்றம் என்பர் ஹனஃபிகள். பொருளை ஒரு வகீலிடம் ஒப்படைத்ததனால் மட்டும் கடமை நீங்காது, அவர் உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்பதில் ஷாஃபிஈகளும் அவர்களோடு ஒன்றுபடுகின்றனர். செயலி ஒரு வகீலே. பொத்தானை அழுத்தி நன்றிச் செய்தியும் பெற்றுவிட்ட ஒருவரின் ஜகாத், அப்பணம் தளத்தின் கணக்கில் தங்கியிருக்கும் வரை அவர் பொறுப்பிலேயே இருக்கிறது.